60 ஆம்பியர் கடையில் வேன் சார்ஜர்: புது இணைப்பு எதற்கு?

கடற்கரைக்கடை

எல்லாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் நேட்டால் கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன ஊரில் மசாலாக் கடை வைத்திருக்கிறோம். முன்னால் கடை, பின்னால் அரைக்கும் மெஷின், மேலே குடித்தனம். டெலிவரிக்கு வைத்திருந்த பழைய டீசல் பேக்கியை (பிக்கப் வண்டி) கொடுத்துவிட்டு சின்னதாக ஒரு எலக்ட்ரிக் வேன் எடுத்திருக்கிறோம்.

எங்களுக்கு வருவது சிங்கிள் பேஸ். மெயின் பிரேக்கர் 60 ஆம்பியர். சார்ஜர் விற்றவர் 7.4 கிலோவாட் பெட்டி ஒன்றைக் கொடுத்து, மின் அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்றார். போனோம். (எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம்.) கவுன்டரில் எடுத்துக் கொடுத்தது புது இணைப்புக்கான படிவம். வேறு படிவமே கிடையாதாம். "கூடுதல் சுமை" என்ற கட்டத்தில் 7.4 என்று எழுதிக் கொடுத்தோம். இருக்கும் இணைப்பு போதாது, த்ரீ பேஸுக்கு விண்ணப்பியுங்கள் என்று பதில் வந்தது. எஞ்சினியர் கையெழுத்துப் போட்ட சுமைக் கணக்கு வேண்டும், வயரிங் வரைபடம் வேண்டும், தெருவிலிருந்து புது கேபிள் இழுக்கும் செலவும் எங்கள் தலையில். அந்த மதிப்பீட்டைப் பார்த்ததிலிருந்து என் வீட்டுக்காரர் வேனைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்கிறார்.

வேன் ஒரு நாளைக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டாது. ராத்திரி முழுக்கச் சும்மாதான் நிற்கும். இதற்கு இவ்வளவும் உண்மையிலேயே தேவையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரேஸ்கார்_ராஜா

பேசாமல் சுவர் ப்ளக்கில் மாட்டுங்கள் அக்கா. ஊரே அப்படித்தான் செய்கிறது.

வயர்மாமா

ஊரே அப்படிச் செய்வதால்தான் தம்பி, கருகிப் போன ப்ளக் பாயின்ட் மாற்றச் சொல்லி எனக்கு அடிக்கடி போன் வருகிறது. நம் ஊர் உருண்டைப் பின் சாக்கெட்டில் 16 ஆம்பியர் என்று போட்டிருக்கும். கெட்டில், இஸ்திரிப் பெட்டி மாதிரி கொஞ்ச நேரம் இழுத்துவிட்டு ஓய்கிற சாமானுக்கு அது சரி. எட்டு மணி நேரம் விடாமல் இழுத்தால் பழைய சாக்கெட்டின் உள்ளே பின்னைக் கவ்வும் தகடு தளர்ந்து சூடாகிவிடும். வண்டியோடு வரும் கேபிள் 10 ஆம்பியர் அளவில் நிற்பது அதற்காகத்தான். எக்ஸ்டென்ஷன் கயிறு போட்டு மாட்டுகிறவர்களைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

தங்கச்சி, கடையில் என்னென்ன ஓடுகிறது? பகலில் எவ்வளவு ஆம்பியர் போகிறது, ராத்திரியில் எவ்வளவு என்று யாராவது அளந்து பார்த்தார்களா?

கடற்கரைக்கடை

எங்கள் எலக்ட்ரீஷியன் பையன் க்ளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தான் மாமா. இரண்டு ஃப்ரீசர், கூல்டிரிங்ஸ் ஃப்ரிட்ஜ், ஒரு ஏசி, மெஷினுக்கு 2.2 கிலோவாட் மோட்டார், மேலே 3 கிலோவாட் கீசர். ஸ்டவ் கேஸ். மெஷினும் கீசரும் ஒன்றாக ஓடும்போது 38 ஆம்பியர் வரை போனது. ராத்திரி பத்து மணிக்கு மேல் 6, 7 ஆம்பியர்தான்.

வயர்மாமா

பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

60 ஆம்பியர் என்றால் 230 வோல்ட்டில் 13.8 கேவிஏ, கிட்டத்தட்ட அவ்வளவு கிலோவாட் என்று வையுங்கள். ராத்திரியில் உங்கள் கடை 7 ஆம்பியர் இழுக்கிறது. 7.4 கிலோவாட் சார்ஜர் முழு மூச்சில் ஓடினாலும் 32 ஆம்பியர். இரண்டையும் கூட்டினால் 39. மெயின் பிரேக்கருக்கு அது ஒன்றுமே இல்லை. சிக்கல் பகலில்தான். 38-உம் 32-உம் சேர்ந்து 70, பிரேக்கர் விழுந்துவிடும்.

அதற்கும் வழி உண்டு. இப்போது வரும் சார்ஜர்களில் பெரும்பாலானவற்றுக்கு சுமையைப் பார்த்துத் தானே குறைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. மெயின் வயரைச் சுற்றி ஒரு சின்ன சிடி வளையம் மாட்டுவார்கள். கடை மொத்தமும் இழுப்பதை அது அளந்துகொண்டே இருக்கும். வரம்பை 50 ஆம்பியர் என்று வைத்தால், மெஷினும் கீசரும் 38 எடுக்கிற நேரத்தில் வண்டிக்கு 12-தான் போகும். கடைச் சுமை இன்னும் ஏறி மிச்சம் 6 ஆம்பியருக்குக் கீழே வந்தால் சார்ஜிங் நின்றுவிடும். அந்த 6 ஆம்பியர் யாரோ நினைத்ததற்கு வைத்ததில்லை, ஐஇசி 61851 தரத்தில் இருக்கிற குறைந்தபட்ச அளவு. அதற்குக் கீழே கொடு என்று வண்டிக்குச் சொல்ல சார்ஜருக்கு வழியே கிடையாது.

உங்களுக்கு 32 ஆம்பியரே வேண்டாம் என்பது என் எண்ணம். 80 கிலோமீட்டருக்குச் சின்ன வேன் சுமார் 16 யூனிட் எடுக்கும், வழியில் போகிற நஷ்டத்தோடு 18 என்று வையுங்கள். 16 ஆம்பியரில், அதாவது 3.7 கிலோவாட்டில், ஐந்து மணி நேரம். ராத்திரி 11-க்குத் தொடங்கினால் காலை 4-க்கு முடிந்துவிடும். அதே பெட்டியில் உச்ச வரம்பை 16 என்று செட் பண்ணி, நீங்கள் மாற்ற முடியாதபடி இன்ஸ்டாலர் கடவுச்சொல் போட்டுவிடலாம்.

ஆகப் படிவத்தில் "கூடுதல் சுமை 7.4" என்பது பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் எண். உங்கள் மெயின் பிரேக்கர் அந்தக் கூடுதலைக் கண்ணால் கூடப் பார்க்கப் போவதில்லை. உச்சம் மிஞ்சினால் 50, இணைப்போ 60. எதற்குப் புது கேபிள்?

கோவை_டு_ஜோபர்க்

இதே கூத்து எங்கள் ஊரிலும் இருந்தது அண்ணா. 2024 பிப்ரவரியில் இந்திய அரசு மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. புது இணைப்போ, இருக்கிற இணைப்பில் மாற்றமோ, பெருநகரத்தில் 3 நாள், மற்ற நகராட்சிகளில் 7 நாள், கிராமத்தில் 15 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும், மலைப்பகுதிக்கு மட்டும் 30. வண்டி சார்ஜ் பண்ண யாராவது தனி இணைப்பு கேட்டால் அதையும் கொடுக்க வேண்டும். விதி அப்படி. நடப்பு அந்தந்த ஊர் லைன்மேனைப் பொறுத்தது, அது வேறு கதை.

வயர்மாமா

நாள் கணக்கு நல்லதுதான் தம்பி. ஆனால் தங்கச்சிக்குத் தேவை சீக்கிரமாக வரும் புது இணைப்பு கிடையாது. புது இணைப்பே வேண்டாம் என்கிற பதில்தான். தனி மீட்டர் வந்தால் கூடவே தனியாக ஒரு மாதக் கட்டணமும் வரும். நம் நாட்டில் பல நகராட்சிகள் ஆம்பியருக்கு ஏற்ப நிலையான கட்டணம் வாங்குகின்றன. 60 சிங்கிள் பேஸிலிருந்து த்ரீ பேஸுக்குப் போனால் சுவிட்சைப் போடாமலே மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மினிசப்

வயர்மாமா சொன்னதெல்லாம் கடையின் டிபி போர்டு (பிரேக்கர்கள் இருக்கும் பலகை) வரைக்கும் சரி. தெருப்பக்கம் நின்று பார்த்தால் இன்னொரு கணக்கு இருக்கிறது. விநியோகத் திட்டப் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் சொல்கிறேன்.

60 ஆம்பியர் பிரேக்கர் இருக்கிறது என்றால் உங்களுக்காக 60 ஆம்பியர் எடுத்து வைத்திருக்கிறோம் என்று அர்த்தமில்லை. ஒரு 200 கேவிஏ மினி சப்பில், அதாவது தெருவோர டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியில், 60 வீடு மாட்டியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் பங்கு 3.3 கேவிஏ. ஆனால் எல்லா வீட்டிலும் 13.8 கேவிஏ இழுக்கக்கூடிய பிரேக்கர் இருக்கிறது. எல்லாரும் ஒரே சமயத்தில் இழுத்தால் 828 கேவிஏ. மினி சப் புகைந்துவிடும். கல்யாண மண்டபத்தில் 800 பேரை அழைத்துவிட்டு 200 இலைக்குப் பந்தி போடுகிற மாதிரிதான். எல்லாரும் முதல் பந்தியிலேயே உட்கார மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் ஊர் மின்சாரம் ஓடுகிறது.

கீசரும் கெட்டிலும் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றும். சூடானதும் நின்றுவிடும், என் வீட்டுக் கீசர் நிற்கும்போது உங்கள் வீட்டில் ஓடும். சார்ஜர் அப்படிப்பட்டது இல்லை. மணிக்கணக்காக ஒரே அளவில் இழுக்கும். அந்தத் தெருவில் பத்துப் பேர் 7.4 வைத்து, ஜூலை மாதக் குளிரில் சாயங்காலம் ஆறரைக்கு வீட்டுக்கு வந்ததும் மாட்டினால் 74 கிலோவாட். மினி சப்பின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், அதுவும் ஹீட்டரும் அடுப்பும் ஓடுகிற நேரத்தில். கேபிளின் கடைசியில் இருக்கிற வீட்டுக்கு வோல்ட்டேஜ் 207-க்குக் கீழே போகலாம். தரத்தில் அனுமதிப்பது 230-க்கு மேலும் கீழும் 10 சதவீதம்தான்.

அதனால் அலுவலகம் கேள்வி கேட்பதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். கேட்கிற கேள்விதான் தப்பு. "பெட்டி எத்தனை கிலோவாட்" என்று கேட்கிறார்கள். "எந்த நேரத்தில், அதிகபட்சம் எத்தனை ஆம்பியர், யார் கட்டுப்படுத்துவது" என்றல்லவா கேட்க வேண்டும்?

பீனிக்ஸ்பெண்

மன்னிக்கணும், எனக்கு இந்தப் பேச்சே கொஞ்சம் உறுத்துகிறது. எங்கள் தெருவில் ஒவ்வொரு குளிர்காலமும் மின்சாரம் போகிறது. தேசிய மின் நிறுவனமான எஸ்கொம் நேரடியாகக் கொடுக்கிற இடங்களில் டிரான்ஸ்ஃபார்மர் தாங்கவில்லை என்று சொல்லி காலையும் மாலையும் லோட் ரிடக்ஷன் என்று மின்சாரத்தை நிறுத்துகிறார்கள். இதற்கு நடுவே இறக்குமதி வரி 25 சதவீதம் கட்டி எலக்ட்ரிக் கார் வாங்கக் கையில் பணம் உள்ளவருக்குப் படிவத்தைச் சுருக்கிக் கொடுக்க வேண்டுமாம். அவர்கள் சார்ஜ் போட்டு எங்கள் தெரு இருண்டால் யார் பொறுப்பு?

மினிசப்

நியாயமான கேள்வி அம்மா. படிவம் கஷ்டமாக இருப்பதால் உங்கள் தெரு காப்பாற்றப்படுகிறது என்றால் நானும் அதை அப்படியே விட்டுவிடச் சொல்வேன். நடப்பது வேறு. கஷ்டமாக இருந்தால் யாரும் சொல்லாமலே மாட்டிக்கொள்வார்கள். லோட் ஷெட்டிங் (முறை வைத்து மின்வெட்டு) காலத்தில் பார்த்தோமே. ஊரெல்லாம் இன்வெர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் வந்தது. அதில் எத்தனை பேர் பதிவு பண்ணினார்கள்? இரண்டு மணி நேரம் மின்சாரம் போய்த் திரும்ப வரும். வந்த அதே நொடியில் தெருவிலுள்ள அத்தனை கீசரும் அத்தனை பேட்டரியும் ஒன்றாக இழுக்கும். சாதாரண நாளில் அப்படி ஒரு சுமை வரவே வராது. டிரான்ஸ்ஃபார்மர் வெடித்ததெல்லாம் பல இடங்களில் மின்சாரம் திரும்பி வந்த நேரத்தில்தான். அந்தத் தெருவில் எத்தனை பேட்டரி இருக்கிறது என்ற கணக்கு எங்கள் கையில் இல்லை. எங்கே எதை மாற்றுவது என்று எப்படித் தெரியும்?

சார்ஜர் விஷயத்திலும் அதேதான் வரப் போகிறது. சுலபமான படிவம் இருந்தால் தெருக் கணக்காவது கைக்கு வரும்.

பீனிக்ஸ்பெண்

கணக்கு வந்து, பிறகு மினி சப் மாற்ற வேண்டும் என்றால்? செலவு எல்லார் பில்லிலும் ஏறுமா?

மினிசப்

தன் பழைய வரம்புக்குள்ளேயே, தெருவின் உச்ச நேரத்தைத் தவிர்த்து இழுக்கிறவருக்காக மாற்ற வேண்டி வராது. வரம்பைத் தாண்ட விரும்புகிறவர் கட்டட்டும் என்பதுதான் என் கட்சி. இது எல்லாருக்கும் பிடிக்காது என்று தெரியும்.

லண்டன்பேரன்

தாத்தா வீடு டோங்காட். நான் இப்போது ஹாரோவில் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன், அதனால் இங்கே நடப்பதைச் சொல்கிறேன். பிரிட்டனில் சார்ஜர் 32 ஆம்பியருக்குள் இருந்து, வீட்டின் மொத்த உச்ச சுமை 60 ஆம்பியர், அதாவது 13.8 கேவிஏவுக்குள் நின்றால் முன் அனுமதி வேண்டாம். முதலில் மாட்டலாம், 28 நாளுக்குள் விநியோக நிறுவனத்துக்குத் தெரிவித்தால் போதும். அதைத் தாண்டினாலோ, பக்கத்து வீட்டோடு ஒரே சர்வீஸ் கேபிளைப் பங்கு போட்டிருந்தாலோ முதலில் விண்ணப்பம், பிறகுதான் சார்ஜர். தெரிவிப்பது வீட்டுக்காரர் தலையில் விழாது. இன்ஸ்டாலர்தான் அனுப்புவார்.

அப்புறம் மினிசப் அய்யா சொன்ன "ஒரே நொடி" பிரச்சினைக்கும் இங்கே விதி உண்டு. 2022 ஜூன் 30 முதல் விற்கிற வீட்டு சார்ஜர்கள் உச்ச நேரத்தைத் தவிர்க்கும்படி செட் பண்ணித்தான் வர வேண்டும். அதோடு தொடங்கும்போது 10 நிமிஷம் வரை தானாக ஏதோ ஒரு அளவு தாமதிக்கும். ஒரு தெருவில் பத்து சார்ஜர் இருந்தால் பத்தும் பத்து நேரத்தில் தொடங்கும்.

மினிசப்

அந்தத் தாமதம் ஒன்றுக்காகவே அந்த விதியைக் கட்டிப் பிடிக்கலாம் பேரா. நம் ஊரில் நேரத்துக்கு ஏற்ற கட்டணம் வீடுகளுக்கும் பரவினால், மலிவு நேரம் தொடங்கும் அதே நிமிஷத்தில் எல்லா சார்ஜரும் விழித்துக்கொள்ளும். சாயங்கால உச்சத்தைத் தப்பித்து ராத்திரி பத்து மணிக்கு இன்னொரு உச்சத்தை நாமே உண்டாக்கியிருப்போம். எஸ்கொம் 2025 ஏப்ரலில் குளிர்காலக் கட்டணத்தில் உச்ச நேரத்துக்கும் மலிவு நேரத்துக்கும் இருந்த வித்தியாசத்தை எட்டு மடங்கிலிருந்து ஆறு மடங்காகக் குறைத்தது. ஆறு மடங்கு என்றாலும் யாரும் பத்து மணி வரை காத்திருப்பார்கள்.

ஜெர்மனி இன்னும் ஒரு படி மேலே. 2024 ஜனவரி முதல், வலையமைப்பு நெருக்கடி என்று காரணம் சொல்லி வீட்டு சார்ஜர் இணைப்பை மறுக்கவோ தள்ளிப்போடவோ முடியாது. பதிலுக்கு, நெருக்கடி நேரத்தில் அதை 4.2 கிலோவாட் வரை குறைக்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. அதற்கு ஈடாக வாடிக்கையாளருக்கு வலையமைப்புக் கட்டணத்தில் தள்ளுபடி. நல்ல பேரம்தான். ஆனால் அதற்கு மீட்டர் பக்கத்தில் சிக்னல் வாங்கும் கருவி வேண்டும். நம்மிடம் இருப்பது பெரும்பாலும் எண் அழுத்துகிற பிரீபெய்ட் பெட்டி. 2024 நவம்பர் 24-க்குள் அத்தனை பிரீபெய்ட் மீட்டரிலும் புதுக் குறியீடு போட நாடே ஓடியதே, அந்த ஓட்டத்தோடு நெருக்கடி உள்ள தெருக்களிலாவது ஸ்மார்ட் மீட்டர் மாட்டியிருக்கலாம். எனக்கு இன்னும் ஆற்றாமைதான்.

கோவை_டு_ஜோபர்க்

அப்போ இங்கே பிரிட்டன் மாதிரி ஒரு விதி வர எத்தனை வருஷம் ஆகும்? கலிபோர்னியாவிலேயே இணைப்பு தாமதம் தாங்காமல் 2023-ல் தனிச் சட்டம் போட்டு, மின் நிறுவனங்களுக்குக் காலக்கெடு வைக்கும்படி ஒழுங்குமுறை ஆணையத்துக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

மினிசப்

வெளிநாட்டைப் பார்த்து எழுதவே வேண்டாம். பாதி வேலை இங்கேயே முடிந்து கிடக்கிறது. கூரைமேல் சோலார் வந்தபோது ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக ஆய்வு பண்ணிக்கொண்டிருந்தால் கதை நடக்காது என்று என்ஆர்எஸ் 097-2-3 என்ற சுருக்க விதியை எழுதினார்கள். பொதுக் கேபிளில் இருக்கிற வீடு தன் இணைப்பு அளவில் 25 சதவீதம் வரை சோலார் மாட்டலாம், தனி ஆய்வு வேண்டாம். 80 ஆம்பியர் சிங்கிள் பேஸ் என்றால் 18.4 கேவிஏ, அதில் கால் பங்கு 4.6. தாண்டினால் ஆய்வு. அட்டவணையைப் பார்த்துக் கவுன்டரில் இருப்பவரே முடிவு சொல்லிவிடலாம்.

சார்ஜருக்கு இதே மாதிரி ஒரு அட்டவணை யாராவது எழுதினால் போதும். சோலாரில் வோல்ட்டேஜ் ஏறும் பயம், இங்கே இறங்கும் பயம், கணக்கு ஒரே குடும்பம்தான். என் கையில் கொடுத்தால் இப்படி எழுதுவேன்: 16 ஆம்பியர் வரை, உச்ச நேரம் தவிர்த்து ஓடினால் தகவல் மட்டும். 32 வரை, மொத்தச் சுமையைப் பார்த்துக் குறைக்கும் கருவி இருந்து, பழைய இணைப்பு அளவுக்குள் பூட்டியிருந்தால், அப்போதும் தகவல் மட்டும், கூடவே சிஓசி, அதாவது வயரிங் சோதனைச் சான்றிதழ். மற்றதற்கெல்லாம் விண்ணப்பம். தகவல் வந்ததும் மினி சப் வாரியாக ஒரு கணக்கு. ஒரு மினி சப்பில் கணக்கு குறிப்பிட்ட அளவைத் தொட்டால் அந்தத் தெருவுக்கு மட்டும் கதவை மூடிவிட்டு, மினி சப் மாற்றிய பிறகு திறக்கலாம்.

வயர்மாமா

எல்லாம் சரி, ஒரு இடத்தில் மட்டும் முட்டுகிறேன். "தகவல் மட்டும்" என்றால் கண்ட கண்ட ஆளும் மாட்டிவிட்டுப் போவான். சார்ஜருக்குத் தனி சர்க்கியூட் வேண்டும், டிபியிலிருந்து நேராக. கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் எர்த் லீக்கேஜ் வேண்டும். அதிலும் வண்டியிலிருந்து டிசி கசிவு வந்தால் சாதாரண எர்த் லீக்கேஜ் மந்தமாகி, தேவையான நேரத்தில் விழாமல் போகலாம். சார்ஜருக்குள்ளேயே 6 மில்லி ஆம்பியர் டிசி கசிவைக் கண்டுபிடிக்கும் பகுதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் டிசி கசிவையும் பிடிக்கும் பி வகை எர்த் லீக்கேஜ், அது விலை கூட. ஆன்லைனில் மலிவாக வாங்கிய பெட்டிகளில் இதை யாரும் பார்ப்பதில்லை.

தகவல் படிவத்தை நிரப்புகிறவர் தொழிலாளர் துறையில் பதிவு பெற்ற ஆளாக இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள் அய்யா. சிஓசி கொடுக்கிற அதே கை தகவலையும் அனுப்பட்டும். சிங்கிள் பேஸ் வேலைக்கு எஞ்சினியர் கையெழுத்து தேவையில்லை. சான்ஸ் 10142-1 என்ற வயரிங் தரத்தின்படி சோதித்துக் கையெழுத்துப் போடத்தான் எங்களைப் பதிவு பண்ணி வைத்திருக்கிறார்கள்.

மினிசப்

ஏற்றுக்கொண்டேன்.

கோயில்செயலாளர்

நானும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் கோயில் வாசலில் பெரிய பார்க்கிங் இருக்கிறது. கமிட்டியில் இளையவர்கள் இரண்டு சார்ஜர் வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார்கள். கோயிலுக்கு த்ரீ பேஸ் 80 ஆம்பியர் உண்டு. வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமைக் கல்யாணமும் தவிரச் சுமையே இல்லை. ஆனால் தைப்பூசக் காவடி, சித்திரைப் பருவம் என்று வந்தால் சீரியல் லைட், மைக், சமையல் எல்லாம் சேர்ந்து பிரேக்கர் அழுதுவிடும். மூத்தவர்கள் அதைச் சொல்லித்தான் வேண்டாம் என்கிறார்கள். இன்னொரு விஷயம், சார்ஜ் பண்ணுகிறவர்களிடம் காசு வாங்கலாமா?

வயர்மாமா

காவடி அன்று சார்ஜருக்கும் லீவு விடுங்கள் ஐயா. சிடி வளையம் மாட்டி வரம்பு வைத்தால் அதுவே ஒதுங்கிக்கொள்ளும், இருந்தாலும் அந்த நாளில் பிரேக்கரை இறக்கிவிடுவது நிம்மதி. இரண்டு சார்ஜரையும் வேறு வேறு பேஸில் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஒரு பேஸ் மட்டும் தவிக்கும், மற்ற இரண்டும் சும்மா இருக்கும்.

மினிசப்

காசு விஷயம் கவனம். மின்சாரத்தை வாங்கி மறுபடி விற்பது என்றால், அந்த வாடிக்கையாளர் விநியோக நிறுவனத்திடம் நேராக வாங்கியிருந்தால் கொடுத்திருக்கும் விலைக்கு மேல் வாங்கக் கூடாது என்பது மறுவிற்பனை விதி. விநியோக நிறுவனத்தோடு ஒப்பந்தமும் வேண்டும். உண்டியல் பக்கத்தில் வைத்துவிட்டு இஷ்டப்பட்டதைப் போடச் சொன்னால் கமிட்டிக்குத் தலைவலி குறைவு. எதுவானாலும் முதலில் ஒரு வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.

ஓவர்போர்ட்_ஃப்ளாட்

எங்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. டிரஸ்டிகள் கூட்டத்தில் "எலக்ட்ரிக் கார்" என்று வாயெடுத்தாலே அடுத்த அஜெண்டாவுக்குப் போய்விடுகிறார்கள்.

வயர்மாமா

ஃப்ளாட்டுக்குத்தான் சுமைப் பகிர்வு மிகவும் பொருந்தும் தம்பி. ஆறு பார்க்கிங், ஆறு சார்ஜர், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே 60 ஆம்பியர் கேபிள். ஒரு வண்டி இருந்தால் 32 கிடைக்கும், ஆறும் வந்தால் ஆளுக்குப் பத்து. கேபிள் அளவு முதல் நாளிலேயே முடிவாகிவிடும், பிறகு ஒவ்வொருவருக்காகவும் சுவரை உடைக்க வேண்டாம். டிரஸ்டிகளிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்.

கடற்கரைக்கடை

எல்லாருக்கும் நன்றி. பழைய விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வேறு மாதிரி எழுதிக் கொடுக்கப் போகிறோம். கடிதத்தில் என்ன இருக்க வேண்டும் என்று மினிசப் அய்யா கொஞ்சம் சொன்னால் உதவியாக இருக்கும்.

மினிசப்

தலைப்பிலேயே "இணைப்பு அளவில் மாற்றம் கோரவில்லை" என்று போடுங்கள். அப்போதுதான் கவுன்டரில் உடனே புது இணைப்பு அடுக்கில் வைக்க மாட்டார்கள். பிறகு இந்த மாதிரி:

"தற்போதைய இணைப்பு 60 ஆம்பியர் சிங்கிள் பேஸ். இதே அளவு தொடரும். வாகன சார்ஜரின் வெளியீடு 16 ஆம்பியராகப் பூட்டப்பட்டுள்ளது. சுமை மேலாண்மைக் கருவி மொத்தச் சுமையை 50 ஆம்பியருக்குள் கட்டுப்படுத்தும். சார்ஜிங் நேரம் இரவு 11 முதல் காலை 5 வரை. ஒரு வாரச் சுமைப் பதிவும், பதிவு பெற்ற நபர் வழங்கிய கூடுதல் சிஓசியும் இணைக்கப்பட்டுள்ளன."

சுமைப் பதிவு முக்கியம். க்ளாம்ப் மீட்டரில் ஒரு தடவை பார்த்தது போதாது. பதிவு பண்ணும் கருவியை வாடகைக்கு வாங்கி ஒரு வாரம் மாட்டி வையுங்கள், தீபாவளி மாதிரி மெஷின் அதிகம் ஓடுகிற சமயமாக இருந்தால் இன்னும் நல்லது. அது கையில் இருந்தால் மறுப்பவர் எண்ணை வைத்துத்தான் மறுக்க முடியும். முத்திரை போட்ட நகல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

கடற்கரைக்கடை

தீபாவளிக்கு முன்னால்தான் மாட்டப் போகிறோம், சரியாக அமையும். கடைசியாக ஒரு சந்தேகம் மாமா. எங்கள் பிரீபெய்ட் மீட்டர் தெருவில் கியோஸ்கில் (அலுவலகத்தின் மீட்டர் பெட்டி) இருக்கிறது, உள்ளே எண் அழுத்துகிற பெட்டி மட்டும்தான். சிடி வளையத்தை எங்கே மாட்டுவது? லோட் ஷெட்டிங் காலத்தில் வாங்கிய இன்வெர்ட்டரும் ஒன்று ஓடுகிறது.

வயர்மாமா

கியோஸ்கைத் தொடவே தொடாதீர்கள், அது அவர்கள் சொத்து. உங்கள் டிபியில் மெயின் பிரேக்கரைத் தாண்டி வரும் லைவ் வயரில் மாட்ட வேண்டும், எதுவும் பிரிவதற்கு முன்னால். இன்வெர்ட்டருக்கு ஏற்கெனவே அங்கே ஒரு வளையம் இருக்கலாம். அதைக் கழற்றாமல் பக்கத்தில் இதையும் மாட்டச் சொல்லுங்கள், வளையத்தில் இருக்கும் அம்புக்குறி திசையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சார்ஜர் வயர் இன்வெர்ட்டரின் பேக்கப் பக்கத்தில் போய்ச் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். சேர்ந்தால் ராத்திரி மின்சாரம் போகும்போது வீட்டு பேட்டரி முழுக்க வேனுக்குள் போய்விடும், காலையில் ஃப்ரீசருக்கு ஒன்றும் மிஞ்சாது. எலக்ட்ரீஷியன் பையனிடம் டிபியைத் திறந்து ஒரு போட்டோ எடுத்து இங்கே போடச் சொல்லுங்கள் தங்கச்சி, பார்த்துச் சொல்கிறேன்.